துளி விழுந்துவிட்டது

கலைக்கூடத்தின் அபாய மணி அலறியதும் எல்லோரும் தீ என்றே நினைத்தார்கள். ஒரு குடும்பம் குழந்தையை மட்டும் தூக்கிக்கொண்டு, தள்ளுவண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஓடியது. சிற்பங்களைப் பார்த்து வரைந்துகொண்டிருந்த மாணவிகள் பென்சிலும் கையுமாக வாசலுக்கு வந்து நின்றார்கள். மணியை அழுத்திய காவலர் மட்டும் மூன்றாவது கூடத்தில், சுவரளவு திரைக்கு முன்னால், தலையில் கையை வைத்தபடி நின்றிருந்தார்.

திரையில் தீயும் இல்லை, புகையும் இல்லை. மழை பெய்துகொண்டிருந்தது. அதுதான் ஆபத்து.

சற்று நேரத்தில், ஊரின் இன்னொரு கோடியில், பேருந்து நிறுவனத்தின் அட்டவணைப் பிரிவில் தொலைபேசி அடித்தது.

"மழை மேடம்தானே? உடனே கிளம்பி வாங்க மேடம். துளி விழுந்துடுச்சு."

"என்னது?"

"உங்க துளிதான். இத்தனை வருஷமா நல்லா நின்னுகிட்டிருந்துச்சு. இன்னிக்குக் காலைல திடீர்னு விழுந்துடுச்சு. எல்லாம் அதுபாட்டுக்கு ஓடிகிட்டிருக்கு. டைரக்டர் சார் தண்ணிகூடக் குடிக்கல."

மழை மேடம் நாற்காலியிலிருந்து எழுந்தவர் திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

அவர் பிழைப்புக்குப் பேருந்து நேரங்களைக் கணினியில் ஒழுங்கு செய்பவர். இளமையில் ஒரே ஒரு முறை கலைஞராக இருந்திருக்கிறார். அப்போது தம்பியோடு சேர்ந்து அவர் உருவாக்கியதுதான் 'ஜன்னல்'. திரை முழுக்க ஒரு கண்ணாடி ஜன்னல். வெளியே மழை. குடைகள் போகும், ஒரு நாய் கடை ஓரமாக ஒதுங்கும், துளிகள் கண்ணாடியில் வழியும். கடைசியில் மழை விட்டு வெயில் வரும்போது இசை எழும். மழைக்கான நிரலை எழுதியது அக்கா; கலைக்கூடத்தில் 'மழை மேடம்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். இசை தம்பியுடையது. சைக்கிள் மணி, டம்ளரில் கரண்டி தட்டும் சத்தம், ஈரக் கண்ணாடியில் விரல் தேயும் ஓசை ஆகியவற்றை வைத்துப் பின்னியது.

எல்லாவற்றையும் கட்டற்ற மென்பொருளில் செய்தார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். 'ஜன்னல்' நிரலையும் அதே உரிமத்தில் ஊருக்கு விட்டுவிட்டார் மழை மேடம். அந்த வயதில் நல்லெண்ணம் நிறைய இருந்தது.

கலைக்கூடம் அதைச் சேகரிப்பில் எடுத்துக்கொண்ட முதல் நாளே கோளாறு. மழை விடப்போகும் நேரத்தில் ஒரு துளி கண்ணாடியின் பாதியில் நின்றது. அதோடு குடை, நாய், திரை, எல்லாமே உறைந்தன. இசை வரவே இல்லை. வீட்டுக் கணினியில் ஒழுங்காக ஓடுவது கலைக்கூடத்துக் கணினியில் மட்டும் நின்றது. "கொஞ்சம் பாத்து சரி பண்ணிடறேன்" என்று மழை மேடம் போனபோது, "இனி அது சேகரிப்பு மேடம். சேகரிப்பைத் தொடக்கூடாது" என்று கதவருகிலேயே சொல்லிவிட்டார்கள். காவலர் கணினியை அணைத்துப் போடுவார், மழை பெய்யும், துளி நிற்கும், மறுபடி அணைத்துப் போடுவார்.

ஒரு வருடம் கழித்து அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: தொங்கும் துளி. அது நிற்கும் நேரம் பார்த்துக் கூட்டம் சேர்ந்தது. துளி நின்றதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துவிட்டுக் கைதட்டினார்கள். வாசல் கடையில் தொங்கும் துளி போட்ட குடை, கைக்குட்டை, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தம் எல்லாம் வந்தன. புதிய விருந்தினர் யார் வந்தாலும் இயக்குநர் அங்கே நிறுத்தி ஒரு சிற்றுரை ஆற்றுவார்.

"இந்தத் துளி ஏன் நிற்கிறது? நாம் ஓடுவதால் நிற்கிறது. விழுந்திருந்தால் இது வெறும் மழை. விழாததால் தத்துவம்."

தத்துவத்தால் அடிபட்டவன் தம்பி. அவனுக்குப் பெண் பார்த்தபோது, 'பையன் போட்ட இசை கலைக்கூடத்திலே ஒலிக்கிறது' என்று பெருமையாகச் சொல்லி வைத்திருந்தார்கள். பெண்ணின் அப்பா ஓய்வுபெற்ற டிக்கெட் பரிசோதகர். கண்ணால் காணாத எதையும் நம்பிப் பழக்கமில்லாதவர். குடும்பத்தோடு போய்ப் பார்த்தார். துளி நின்றது. எல்லோரும் கைதட்ட, அவரும் தட்டினார். திரும்பி வந்து, "மாப்பிள்ளை, உங்க பாட்டு ரொம்ப அடக்கமா இருந்துச்சு" என்றார். அதை அன்றிலிருந்து எல்லா விசேஷ வீடுகளிலும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"நீதான்க்கா வெட்டிட்டே" என்பான் தம்பி. "எம்மேல ஏதோ கோவத்துல என் பாட்டை எடுத்துட்டு, மிஷின் நின்னுடுச்சுன்னு கதை விடறே."

"டேய், பிழைடா அது."

"பிழை கரெக்டா என் பாட்டுக்கு முன்னாடி வந்து நிக்குதா? ரொம்ப விவரமான பிழைதான்."

சிரித்துக்கொண்டுதான் சொல்வான். ஆனால் வருடம் ஆக ஆகச் சிரிப்பு குறைந்து வந்தது. இப்போது துறைமுக வேலையாக, மனைவி மக்களோடு கடல் கடந்து போகிறான். திரும்பி வரப் பல வருடம் ஆகும். ஞாயிறு மாலை கப்பல். மாமனார் வழியனுப்ப வந்து தங்கியிருக்கிறார்.

மழை மேடம் கலைக்கூடத்துக்குள் ஓடி நுழைந்தபோது, திரையில் மழை விட்டுக்கொண்டிருந்தது. எத்தனையோ வருடம் தொங்கிய இடத்தைத் தாண்டித் துளி வழுக்கிக்கொண்டு போய் ஜன்னலின் அடிக்கட்டையில் விழுந்தது. வெயில் வந்தது. டம்ளரில் கரண்டி தட்டியது.

மழை மேடம் அங்கேயே நின்று தம்பியை அழைத்தார்.

"டேய், கேளு." கைபேசியைத் திரையை நோக்கி நீட்டினார்.

பாட்டு முடியும் வரை தம்பி கேட்டான். பிறகு, "வீட்டுல இருந்து போட்டுக் காட்டறியா?" என்றான் தம்பி.

"கலைக்கூடத்துலடா! காவலர்கிட்ட பேசறியா?"

காவலர் கைபேசியை வாங்கி, துக்க வீட்டில் பேசுவது போலப் பேசினார். "ஆமாங்க தம்பி. ஓடுது. இத்தனை வருஷமா நிக்கிற துளிக்குக் காவல் நின்னேன். ஓடுற துளிக்கு எப்படிக் காவல் நிக்கிறதுன்னு எனக்குத் தெரியல."

"அக்கா, ஞாயித்துக்கிழமை காலைல மாமாவைக் கூட்டிட்டு வர்றேன். பிள்ளைங்களும் கேக்கட்டும். அதுவரைக்கும் ஓடுமில்ல?"

"ஓடும்" என்றார் மழை மேடம். அவசரப்பட்டுச் சொன்ன வார்த்தை.

அன்று மாலையே அவசரக் கூட்டம். மூன்றாவது கூடத்தின் கதவை மூடி, 'படைப்புக்கு உடல்நலமில்லை' என்று எழுதித் தொங்கவிட்டார்கள். பராமரிப்புத் தலைவி வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு கணினியின் முதுகைத் தொட்டுப் பார்த்தார்.

"எப்ப இருந்து ஓடுது?"

"காலைல திறந்ததுல இருந்து மேடம்" என்றார் காவலர்.

"நடுவுல எங்கயாவது நின்னுச்சா? லேசாவாவது?"

"இல்லைங்க மேடம்."

மருத்துவர்கள் விடுவது போல ஒரு பெருமூச்சு விட்டார் பராமரிப்புத் தலைவி. மழை மேடம் காரணத்தைத் தேடிப் பார்த்துச் சொன்னார். பிழை அவருடைய நிரலில் இல்லை. திரையில் படம் வரைவதற்காக அது நம்பியிருந்த இன்னொரு கட்டற்ற மென்பொருளில் இருந்தது. ஏதோ ஒரு தேசத்துப் பல் மருத்துவர் ஒருவர், நோயாளிகள் வராத நேரத்தில் உட்கார்ந்து அதைக் கண்டுபிடித்துத் திருத்தி ஊருக்கு விட்டிருக்கிறார். கலைக்கூடத்துக் கணினி அந்தத் திருத்தத்தைத் தானாக எடுத்துப் போட்டுக்கொண்டுவிட்டது.

"யார் அந்தப் பல் மருத்துவர்?" என்றார் இயக்குநர். "நமது சேகரிப்பில் கை வைக்க அவருக்கு யார் அனுமதி கொடுத்தது?"

"நான்தான் சார். எல்லாருக்கும் கொடுத்திருக்கேன். உரிமத்துலயே இருக்கு. யார் வேணா மாத்தலாம்."

"யார் வேண்டுமானாலும்?"

"ஆமா சார்."

"அப்படியென்றால் நாங்களும்?"

"நீங்களும்தான் சார்."

இயக்குநரின் முகத்தில் அன்று முதல் முறையாகத் தெளிவு வந்தது. "நல்லது. பிழையைத் திரும்பப் போட்டுவிடுங்கள்."

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பதை மழை மேடம் கேள்விப்பட்டிருந்தார். இலவசமாகவும் வைத்துக்கொள்ளலாம் என்பது அன்றுதான் தெரிந்தது.

"பழைய பதிப்பையே போட்டுடலாமே சார்" என்றார் பராமரிப்புத் தலைவி. "அதுல பிழை அப்படியே பத்திரமா இருக்கும்."

"முடியாது. கலைக்கூடத்தின் எந்தக் கணினியிலும் பழைய பதிப்பு இருக்கக்கூடாது என்று ஆணை இருக்கிறது."

"யார் போட்ட ஆணை சார்?"

"நான் போட்டது. ஆகவே மீற முடியாது." இயக்குநர் எழுந்து நின்றார். மேசையைச் சுற்றி நான்கே பேர் இருந்தபோதும் அவருக்கு எழுந்து நின்றால்தான் பேச்சு வரும். "ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். படைப்பாளி படைப்பைச் செய்தார், அவ்வளவுதான். அதைப் புரிந்துகொண்டது இந்த நிறுவனம். இன்று அது செயல்படத் தொடங்கிவிட்டது என்று மகிழலாமா? இந்தக் கலைக்கூடத்தில் வேறு எது செயல்படுகிறது? இரண்டாவது கூடத்தில் இருக்கும் கடிகாரச் சிற்பம் மணி காட்டுகிறதா? நாம் கேட்டோமா? செயல்படுவது தொழிற்சாலையின் வேலை. நிற்பதுதான் கலையின் வேலை!"

பராமரிப்புத் தலைவி கையுறையோடு கைதட்டினார். சத்தம் வரவில்லை.

மறுநாள் ஒரு நிபுணரை வரவழைத்தார்கள். இரண்டு மடிக்கணினியும் நல்ல தன்னம்பிக்கையும் கொண்டவர். "பிழையைச் சரி பண்றதுதான் கஷ்டம் சார். பிழை போடறது சும்மா ஊதித் தள்ளிடலாம்" என்றார்.

மதியம் வரை ஊதினார். முதல் முறை துளி நின்றது, மழை நிற்கவில்லை. இரண்டாம் முறை நாய் உறைந்து நிற்க, துளி விழுந்தது. அதற்கடுத்த முறை துளிகள் எல்லாம் கீழிருந்து மேலே ஏறி மேகத்துக்குள் போய்ச் சேர்ந்தன. பராமரிப்புத் தலைவி, அசலோடு ஒப்பிடுவதற்காக, வாசல் கடையிலிருந்து தொங்கும் துளி காந்தம் ஒன்றை வாங்கி வந்து திரைக்கு எதிரே பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் நிக்கணும். அடிவயிறு இவ்வளவு உருண்டையா இருக்காது."

"மேடம், அந்தப் பழைய பிழை யாரும் யோசிச்சுப் போட்டது இல்ல. தானா வந்தது. அந்த மாதிரி வர வைக்கிறது..." நிபுணர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அதுக்கெல்லாம் ஒரு கொடுப்பினை வேணும்."

கடைசி முயற்சியாகப் பல் மருத்துவருக்கே கலைக்கூடத்தின் முத்திரையோடு எழுதினார்கள்: தாங்கள் அகற்றிய பிழை பண்பாட்டு முக்கியத்துவம் வாய்ந்தது, தயவுசெய்து திருப்பித் தரவும். உடனே பதில் வந்தது. 'உங்கள் திரை மறுபடி நின்றால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அன்றே சரிசெய்து விடுகிறேன். நன்றி எதுவும் வேண்டாம்.'

இயக்குநர் அதை இரண்டு முறை படித்தார். "மிரட்டுகிறார்" என்றார்.

சனிக்கிழமை காலை மழை மேடம் இயக்குநரின் அறைக்குப் போனார். கூடம் இன்னும் மூடிக்கிடந்தது. நிபுணர் திரும்ப வரவில்லை, கைபேசியையும் எடுக்கவில்லை. மழை மேடத்துக்கு வாதாடத் தெம்பில்லை. பேருந்து நிறுவனத்தில் இரண்டு நாள் விடுப்பு சொல்லியாகிவிட்டது. இரவெல்லாம் தம்பியின் 'ஓடுமில்ல?' காதில் விழுந்துகொண்டிருந்தது.

"சார், பிழையை நான் போட்டுத் தர்றேன்."

இயக்குநர் நிமிர்ந்தார்.

"அதே இடத்துல, அதே துளி. இடப்பக்கம் தள்ளி, அடிவயிறு உருளாம. எனக்கு அந்தத் துளியை நல்லாத் தெரியும். எத்தனை வருஷம் அதைப் பாத்து அழுதிருக்கேன். ஆனா நாளைக்கு ஒரு நாள் கூடத்தைத் திறந்து அதை ஓட விடுங்க. திங்கக்கிழமை காலைல நானே வந்து கெடுத்துத் தர்றேன்."

"கெடுப்பது என்று சொல்லாதீர்கள். மீட்டெடுப்பது."

"சரி சார். மீட்டெடுத்துத் தர்றேன்."

"இன்னொன்று. அந்தப் பல் மருத்துவரோ வேறு எந்த மருத்துவரோ, இனி யாரும் குணப்படுத்த முடியாத பிழையாக இருக்க வேண்டும்."

மழை மேடம் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். அது நிஜ ஜன்னல், வெளியே வெயில்.

"அப்ப என்னாலயும் அதைத் திரும்ப எடுக்க முடியாது சார்."

"அதுதான் நிரந்தரச் சேகரிப்பு" என்றார் இயக்குநர் கனிவாக.

மழை மேடம் தலையாட்டினார். ஒரு நாளுக்காக எல்லா நாளையும் எழுதிக் கொடுத்தாயிற்று.

ஞாயிறு காலை மூன்றாவது கூடத்தின் வாசலில் புதிய அறிவிப்பு இருந்தது: 'வருந்துகிறோம். இந்தப் படைப்பு பழுதடைந்து ஓடிக்கொண்டிருக்கிறது.'

தம்பி மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் வந்தான். திங்கட்கிழமைக்கான பேரத்தை அக்கா முந்தின இரவே அவனிடம் சொல்லியிருந்தார். பயணத்துக்கு வாங்கிய புதுச்செருப்பு எல்லோர் காலையும் கடித்துக்கொண்டிருந்தது. பின்னால் வந்த மாமனார் அறிவிப்பை எழுத்தெழுத்தாகப் படித்தார்.

"பழுதுன்னு போட்டிருக்கே மாப்பிள்ளை. திரும்பிப் போயிடலாமா?"

"உள்ள வாங்க மாமா."

உள்ளே ஏற்கெனவே கூட்டம். துளியோடு படம் எடுத்துக்கொள்ள வெளியூரிலிருந்து வந்த புதுமணத் தம்பதி காவலரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்ப சார் நிக்கும்?"

"நிக்காதுங்க. மன்னிச்சுக்கணும்."

"இதுக்காகவே வந்தோம் சார். ஒரு நிமிஷமாவது நிறுத்தக் கூடாதா?"

"என் கையில எதுவும் இல்லைங்க."

மழை பெய்தது. குடைகள் போயின. நாய் கடை ஓரம் ஒதுங்கியது. அந்தத் துளி கண்ணாடியின் உச்சியில் தோன்றியதும் பழக்க தோஷத்தில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பாதி வரை வந்தது. மழை மேடம் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்தார். துளி ஒரு கணம் கனத்து, வழுக்கி, கீழே போய் விழுந்தது.

மழை விட்டது. வெயில் வந்தது. எங்கோ ஒரு சைக்கிள் மணி அடித்தது. ஈரக் கண்ணாடியில் யாரோ விரலால் கோடு போட, அந்தக் கீச்சொலி மெல்ல மெல்ல ராகமாக இழைந்தது. டம்ளர்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டன. தம்பி திரையைப் பார்க்கவில்லை. மாமனாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. எப்போது தட்டுவது என்று அவர்களுக்குப் பழக்கமில்லை.

"மாப்பிள்ளை, இது நீங்க போட்டதா?" என்றார் மாமனார்.

"ஆமா மாமா."

"அப்ப அன்னிக்கு நாங்க கேட்டது?"

"அன்னிக்கு நீங்க எதையுமே கேக்கல மாமா."

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எதையுமே கேக்காமயா நான் எல்லார் வீட்டுலயும் அடக்கமா இருக்கு, அடக்கமா இருக்குன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன்? யாராவது ஒருத்தர் தடுத்திருக்கலாமே."

தம்பி மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். தம்பி அக்காவின் பக்கம் குனிந்தான்.

"நீ வெட்டல."

"இத்தனை வருஷமா அதைத்தானேடா கத்திக்கிட்டிருக்கேன், எருமை."

"சாரிக்கா."

"அத்தை, இன்னொரு தடவை!" என்றது சின்னது. யாரும் அணைத்துப் போட வேண்டியிருக்கவில்லை. மழை தானாகவே மறுபடி தொடங்கியது. ஏமாந்துபோன புதுமணத் தம்பதி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். காவலர்கூடச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

இயக்குநர் அப்போதுதான் உள்ளே வந்தார். மக்களிடம் வருத்தம் தெரிவிக்க ஓர் உரையைத் தயார் செய்துகொண்டு, தொண்டையைச் செருமியபடி வந்தவர், கூட்டத்துக்குப் பின்னால் இடம் கிடைக்காமல் நின்றார். மழை பெய்து முடிவதற்காகக் காத்திருந்தார். வெயில் வந்தபோது அவர் செருமுவதை நிறுத்தியிருந்தார். டம்ளர்கள் ஒலித்தபோது அவருடைய வலது காலணியின் நுனி மெல்ல எழுந்து எழுந்து தாழ்ந்தது. முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் தாழ்ந்து எழுந்தது.

அது தம்பியின் கண்ணில் பட்டுவிட்டது. நேரே போய் எதிரில் நின்றான்.

"சார், அந்தப் பாட்டு என்னோடதுதான். எப்படி சார் இருந்துச்சு?"

"ரொம்ப நல்லா இருக்கு தம்பி." இயக்குநருக்கு மேடைத் தமிழ் மறந்து போயிருந்தது. "நிஜமாத்தான் சொல்றேன். நான் இதை இவ்வளவு தூரம் பாத்ததே இல்லை."

"அப்புறம் ஏன் சார் நாளைக்கு நிறுத்தணும்? அக்காகிட்ட வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. ஓடட்டுமே."

மழை மேடம் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். இயக்குநர் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். பராமரிப்புத் தலைவி பக்கத்தில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, தம்பியின் தோளில் கையைப் போட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அது நிக்கிறதைப் பத்தி நான் எழுதின புத்தகம் நேத்துதான் அச்சுக்குப் போயிருக்கு, தம்பி."